பொதி வந்துருச்சு

அந்தப் பையைக் கால்ல தட்டிறாதீங்க அப்பு. உள்ள இருக்குறது இரும்பு. தட்டுனா உங்க விரலுதான் போகும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. உக்காருங்க, நல்லா உக்காருங்க. சன்னலோரம் வேணுமா? எனக்கு வேணும். காத்து இல்லன்னா எனக்குப் பேச்சு வராது.

என்னன்னு பாக்குறீங்களா? மணி நாக்கு. கோயில் மணிக்குள்ள குண்டாத் தொங்கிக்கிட்டு இருக்குமே, அதுதான். மணி எங்கேன்னு கேப்பீங்க. கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன். இந்த வண்டி கொன்னக்குளம் சுத்திக்கிட்டுத்தான் மேலச்சந்தை போகும், அது வரைக்கும் பொழுது போகணும்ல. கொன்னக்குளந்தான் எங்க சம்மந்தி ஊரு. அந்த ஆளைப் பத்தியும் சொல்லணும். அந்த ஆளாலதான் இம்புட்டும்.

நான் அடைக்கலம். மேலச்சந்தையில அடைக்கலம் மளிகைன்னா சின்னப்புள்ளைக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதா? எந்த ஊரு நீங்க? ஓ, அப்பச் சரி. சுத்துப்பட்டியில எந்தக் கோயிலுக்கு வேணாலும் போங்க, டியூப்லைட்டை அண்ணாந்து பாருங்க, என் பேரு இருக்கும். கடைப் பேரும் இருக்கும். என் மகன் திருமாறன் சொல்லுவான், 'அப்பா, உங்க பேரு மறைச்சது போக மிச்சம் விழுகுற வெளிச்சத்துலதான் சாமியே தெரியுது'ன்னு. சொல்லட்டும். வெளிச்சத்தை யாரு குடுத்ததுன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?

எனக்குப் பேரன் பொறந்திருக்கான் அப்பு. தலைப்பேரன். இன்னும் பேரு வைக்கல. வர்ற வெள்ளிக்கிழமை வைக்கிறோம். எங்க வழக்கத்துல தலைப்பேரனுக்கு அப்பன் வழியில யாராவது பாட்டன் முப்பாட்டன் பேருதான். அதுல பேச்சே இல்ல. நான் அந்த நெனப்புல, கொன்னக்குளத்துக்குப் போயி, தொட்டிலுக்குப் பக்கத்துல நின்னு பேரனைப் பாத்துக்கிட்டு இருக்கேன், எங்க சம்மந்தி மாகாளியப்பன் வந்து நிக்கிறாரு. மீசையை ஒரு தடவை நீவுனாரு. அவரு மீசையைத் தொட்டாருன்னா ரணவீரன் வரப்போறாருன்னு அர்த்தம்.

ரணவீரன்னா அவுக முப்பாட்டனுக்கு முப்பாட்டன். பாளையக்காரர் சண்டையில ஈட்டி புடிச்சவராம். கும்பினி வெள்ளைக்காரன் புடிச்சுத் தூக்குல போட்டானாம். கல்யாணப் பத்திரிகையில அவரு பேரு, காது குத்துல அவரு பேரு, புதுசா மோட்டார் வாங்கிப் பூசை போட்டா அதுலயும் அவரு பேரு. கேட்டுக் கேட்டு அந்த மனுசனை நானே தூக்குல போட்ட மாதிரி ஆயிப்போச்சு எனக்கு.

'சம்மந்தி, பேரனுக்கு ரணவீரன்னு வச்சிருவோம்'னாரு.

நான் தொட்டிலைப் பாத்தேன். கோழி கொக்கரிச்சதுக்கே வீல்வீல்னு கத்துற புள்ளை. இதுக்கா ரணவீரன்? 'எங்க வழிப் பேருதானே வைக்கணும்'னேன்.

'வைக்கலாம். உங்க வழியில யாரு இருக்கா சம்மந்தி? உளுந்து புடைச்சவுகதானே?'ன்னாரு.

எல்லாரும் சிரிச்சாக. அது போகட்டும். எம் பொண்டாட்டியும் சிரிச்சா அப்பு! அவளும் உளுந்து புடைச்ச வீட்டுலதானே இத்தன வருசம் திங்கிறா?

எனக்கு வந்துச்சே கோவம். 'யோவ் சம்மந்தி, ஈட்டி புடிச்சவன் வெறும் வயித்தோடயா புடிச்சான்? எங்க பாட்டனுக்குப் பூட்டன் உய்யவந்தான் மாட்டு மேல பொதி ஏத்திக்கிட்டுப் போயி, காட்டுக்குள்ள இருந்த அம்புட்டுப் பேருக்கும் அரிசியும் உப்பும் போட்டவரு. அவரு போடலன்னா உங்க ரணவீரன் ஈட்டியை ஊணிக்கிட்டுத்தான் நடந்திருப்பான்'னேன்.

'யாரு சொன்னா?'ன்னாரு.

அதுதான் அப்பு எடம். யாரு சொன்னா? எங்கப்பா சொன்னாரு. எங்கப்பாவுக்கு அவுகப்பா சொன்னாரு. வேற ஒரு ஆதாரமும் கெடையாது. அப்ப எங்க மருமக மேகலா கட்டில்ல படுத்துக்கிட்டு வாயைத் தொறந்துச்சு. அது பள்ளிக்கூடத்துல சரித்திரம் சொல்லித்தர்ற டீச்சரு. வீட்டுப்பாடம் எழுதாத பய சொல்ற பொய்யை மூஞ்சியைப் பாத்தே கண்டுபுடிச்சிரும். 'மாமா, அப்படி ஒருத்தர் இருந்தாருன்னா உய்யவந்தான்னே வைப்போம். எனக்குச் சம்மதம். எங்கப்பாவை நான் பாத்துக்குறேன். ஆனா நடந்தது என்னன்னு விசாரிச்சுட்டு வாங்க. கூட்டியும் சொல்லக்கூடாது, கொறைச்சும் சொல்லக்கூடாது'ன்னுச்சு. என்னைப் பாத்து அப்படிச் சொல்லலாமா? நான் எதையாவது கூட்டிச் சொல்ற ஆளா?

விசாரிக்கிறதுன்னா எங்க போயி விசாரிக்க? எங்ககிட்ட ஓலை இல்ல, பட்டயம் இல்ல. இருக்குறது ஒரே ஒரு வழக்கம். வருசத்துக்கு ஒரு தடவை குலசாமி கும்புடுவோம்ல, படையல் போட்டவொடனே, வீட்டுக்கு மூத்தவன் மேக்க பாத்து நின்னு, கையை வாய்க்கிட்டக் குவிச்சுக்கிட்டு, 'பொதி வந்துருச்சு'ன்னு மூணு தடவை கத்தணும். கத்திட்டுக் காதைத் தீட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிக்கணும். யாரும் பதில் சொல்ல மாட்டாக. அப்பறம் எல்லாரும் சாப்பிடலாம். பொதின்னா மாட்டு முதுகுல ரெண்டு பக்கமும் தொங்கப் போடுற மூட்டை. ஆனா எதுக்குக் கத்துறோம், யாருக்குக் கத்துறோம், ஒருத்தருக்கும் தெரியாது. எங்கப்பா காலத்துக்கு அப்பறம் நாந்தான் கத்துறேன். எனக்கு நல்ல தொண்டை. நான் கத்துனா அடுத்த தெரு நாயெல்லாம் ஊளையிடும்.

போன மாசம் கும்புட்டப்ப, கடைக்குப் புளி கொண்டாந்து போடுற பாக்கியம் அங்க இருந்துச்சு. சேந்தங்காட்டுக்காரப் பொம்பள. காளையார்கோயில் காட்டுப் பக்கம் உள்ளடங்குன ஊரு. நான் கத்தி முடிச்சுக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன், அது திருதிருன்னு முழிச்சுக்கிட்டே சொல்லுது, 'என்ன மொதலாளி, எங்கூர்ல கேக்குற கேள்விக்கு நீங்க இங்குன நின்னு பதில் சொல்றீக?'

என்ன கேள்வின்னேன். அவுக ஊர்ல மாசிக் களரின்னு சாமி கும்புடுறப்ப, பானை பொங்குனவொடனே, ஊருத் தலைவரு, அம்பலம்னு சொல்லுவாக, கெழக்க பாத்து நின்னு, 'பொதி வந்துருச்சா'ன்னு கேப்பாராம். பாத்தீங்களா! நாங்க மேக்க பாத்துச் சொல்றோம், அவுக கெழக்க பாத்துக் கேக்குறாக. எந்த ஓலைச்சுவடியில இருக்கு இந்த மாதிரி ஆதாரம்? பாக்கியம் இன்னும் ஏதோ சொல்ல வந்துச்சு. 'ஆனா மொதலாளி, எங்கூர்ல அதை மெதுவாத்தான் கேப்பாக, ஏன்னா'ன்னு இழுத்துச்சு. நான் 'இரு இரு'ன்னுட்டேன். எனக்கு அதுக்குள்ள யோசனை ஓட ஆரம்பிச்சிருச்சு.

என்ன யோசனையா? வெறுங்கையை வீசிக்கிட்டா போறது? சோறு போட்ட வம்சம், அந்த ஊருக்கு மறுபடி போகுது. ஏதாவது உபயம் செய்ய வேணாமா? பாக்கியத்துக்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். 'உங்க கோயில்ல மணி இருக்கா?' 'இல்ல மொதலாளி, எங்கூர்ல மணி'ன்னு ஆரம்பிச்சுச்சு. 'போதும், விசயத்தை என்கிட்ட விடு'ன்னுட்டேன்.

கும்பகோணத்துல சொல்லிவச்சு வார்த்தேன் அப்பு. வெங்கல மணி. அதுல எழுத்து வெட்டணும்ல, நாந்தான் வாசகம் எழுதிக் குடுத்தேன். 'பாளையக்காரர் போரில் படைக்குப் பசி தீர்த்த வள்ளல் உய்யவந்தான் வழிவந்த மேலச்சந்தை அடைக்கலம் மளிகை உபயம். மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்.' கீழ போன் நம்பரு. வார்க்குறவரு பாத்துட்டு, 'ஐயா, இந்த மணியில இம்புட்டு எழுத்து கொள்ளாதுங்களே'ன்னாரு. 'அப்ப மணியைப் பெருசாக்கு'ன்னேன். எழுத்துக்காகத்தான் மணி அம்புட்டுப் பெருசாச்சு.

நேத்துக் களரி. குட்டியானை வண்டி ஒண்ணு வாடகைக்குப் புடிச்சு, பின்னால கம்பு கட்டி, அதுல மணியைத் தொங்கவிட்டு, மாலை போட்டு, சேந்தங்காட்டுக்குக் கெளம்பிட்டேன். அந்த ரோடு இருக்குற லெச்சணத்துக்கு அதை யாரும் அடிக்க வேண்டியதே இல்ல. டாண் டாண்ணு வழியெல்லாம் தானே அடிச்சுக்கிட்டு வந்துச்சு. ஊரு எல்லையில நொழையிறப்ப பாக்குறேன், ஒரு மாட்டுக் கழுத்துல மணி இல்ல, ஒரு ஆட்டுக் கழுத்துல இல்ல. சைக்கிள்ல போறவன்கூட மணியில்லாத சைக்கிள்ல போறான். அடப்பாவமே, மணி வாங்கக்கூட வக்கில்லாத சனம் போலன்னு எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. சரியான ஊருக்குச் சரியான பொருளைத்தான் கொண்டாந்திருக்கோம்னு நெனச்சுக்கிட்டேன்.

சத்தம் கேட்டு ஊரே வாசலுக்கு வந்துருச்சு அப்பு. பொம்பளைக புள்ளைகளை இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக. யாரும் வாயைத் தொறக்கல. மரியாதைன்னா இதுல்ல மரியாதைன்னு எனக்கு நெஞ்சு நெறைஞ்சுபோச்சு. கோயில்கிட்ட வண்டி திரும்புது, அங்கிருந்து ஒருத்தரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடியாராரு. அவருதான் நல்லதம்பி அம்பலம். ஊருக்குத் தலைவரு. என்னைவிட எளையவருதான். மாலை போட வர்றாருன்னு நெனச்சு நான் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறேன். அவரு என்னைத் திரும்பியே பாக்கல. நேரா மணிக்குப் போயி, நாக்கை ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. அப்பறந்தான் எம் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, 'யாருண்ணே நீங்க?'ன்னாரு.

சொன்னேன். மேலச்சந்தை. உய்யவந்தான் வழி. பொதி வந்துருச்சுன்னு கத்துற குடும்பம்.

அந்த மனுசன் நாக்கை விடல. புடிச்சபடியே நின்னாரு. அவரு மூஞ்சியைப் பாத்தா வையப் போறாரா அழுகப் போறாரான்னு தெரியல. பொறவு, 'வாங்கண்ணே. இன்னைக்கி மொத எலை உங்களுக்குத்தான்'னாரு.

கேட்டுக்குங்க. மொத எலை! எனக்கு!

என்ன, வண்டியை நிப்பாட்டிட்டாரு? ஓ, டிரைவரு டீ குடிக்கப் போறாரு. நல்லதாப் போச்சு, இஞ்சினை அமத்திட்டாரு. இனிமே தொண்டைத் தண்ணி வத்தப் பேச வேண்டியதில்ல. நீங்க டீ குடிக்கப் போறீங்களா? வேணாமா? அப்பக் கேளுங்க. இதுதான் முக்கியமான எடம். இதை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வச்சிருக்கேன். நீங்க வெளியூருக்காரரு, உங்ககிட்டச் சொன்னா தப்பில்ல.

பானை பொங்குறதுக்கு நேரம் இருந்துச்சு. அம்பலம் என்னைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுச் சொன்னாரு. மணி நாக்குல அவரு துண்டைச் சுத்திக் கட்டிட்டுத்தான் வந்து உக்காந்தாரு. நான் ரெண்டு தடவைதான் குறுக்க பேசுனேன்.

சண்டைக் காலத்துல கும்பினிப் பட்டாளம் காட்டைச் சுத்தி வளைச்சிருச்சு. பாதையெல்லாம் அடைச்சாச்சு. உள்ள ஈட்டிக்காரவுக மட்டும் இல்ல, அவுக பொண்டாட்டி புள்ளைகளும் இருந்துச்சுக. உப்பு இல்லாம, அரிசி இல்லாம, கெழங்கைத் தோண்டித் தின்னுக்கிட்டு கெடந்துச்சுக. எந்த யாவாரியும் எட்டிப் பாக்கல. உய்யவந்தான் ஒருத்தருதான் பொதிமாடு ஓட்டிக்கிட்டு ஓடை வழியா வருவாராம். ஒருத்தரு! நான் அப்ப, 'பாத்தீங்களா, எங்க சம்மந்தி இதைக் கேக்கணும்'னு சொன்னேன். அது ஒரு தடவை.

ஆனா பாருங்க, அவரோட முன்னால போற மாட்டுக் கழுத்துல ஒரு பெரிய மணி. மேலச்சந்தை உய்யவந்தான் பொதி வருதுன்னு அந்தச் சத்தத்தை வச்சே தெரிஞ்சுக்கிருவாகளாம். ஈட்டிக்காரவுக சொன்னாக, 'அண்ணே, மணியைக் கழட்டிருங்க, பட்டாளம் சுத்துது'ன்னு. அவரு, 'மணி இல்லாமப் போறது திருட்டுச் சரக்குடா. சரக்கை யாரு கொண்டாந்ததுன்னு தெரிய வேணாமா?'ன்னாராம். அப்ப நான், 'ஞாயந்தானே'ன்னேன். அது ரெண்டாவது தடவை. அம்பலம் என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு.

அப்பறம் ரொம்பக் கெஞ்சுனதுல, மணிக்குள்ள எலையைத் திணிச்சுக்கிட்டு வர ஒத்துக்கிட்டாரு. ஆனா ஓடைக்கிட்ட வந்தவொடனே எலையைப் புடுங்கிப் போட்டுருவாராம். ஏன் தெரியுமா? மணிச் சத்தம் கேட்டா அந்தப் பட்டினிப் புள்ளைக பொதருக்குள்ள இருந்து சிரிச்சுக்கிட்டே ஓடியாருமாம். அதைப் பாக்காம இருக்க அவரால முடியலையாம். அப்படித்தான் ஒரு நாளு எலையைப் புடுங்குனாரு. மணி அடிச்சுச்சு. புள்ளைக ஓடியாந்துச்சுக. பின்னாலயே பட்டாளமும் வந்துருச்சு.

ஓடைக்கரையில இருந்தவுகள்ல பாதிப் பேரு அன்னைக்கே போயிட்டாக அப்பு. புள்ளைகளும்தான். மிச்சம் இருந்தவுக காட்டுக்குள்ள செதறிட்டாக. மாடு போச்சு, மணி போச்சு, உய்யவந்தான் எப்படியோ தப்பிச்சு வீடு வந்து சேந்துட்டாரு.

வந்தவரு சும்மா இருக்கல. கொஞ்ச நாளு கழிச்சு, அரிசி மூட்டையைத் தலையில தூக்கிக்கிட்டு, மாடு இல்லாம, மணி இல்லாம, ஒத்தையில அந்த ஓடைக்கே போயிருக்காரு. அங்க ஒரு ஈ காக்கா இல்ல. மேக்க பாத்து நின்னு, காட்டைப் பாத்து, கையைக் குவிச்சுக்கிட்டு, 'பொதி வந்துருச்சு'ன்னு கத்துனாராம். மூணு தடவை. கத்திட்டு நின்னு காது குடுத்துக் கேட்டாராம்.

இம்புட்டு வருசமா நான் கத்துறேன். எதுக்குன்னு தெரியாமலே கத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

அம்பலம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாரு. 'காட்டுக்குள்ள இருந்தவுகளுக்குக் கேட்டுச்சுண்ணே. நல்லாக் கேட்டுச்சு. வாயைத் தொறந்தா மறுபடி பட்டாளம் வந்துருமோன்னு பயந்துக்கிட்டு, பசியோட, வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாக. அவரு பொழுது சாயிற வரைக்கும் நின்னுட்டு, மூட்டையை அங்கனயே எறக்கி வச்சுட்டுப் போயிட்டாரு. அந்த அரிசியைத் தின்னு பொழைச்சவுக வழிதான் நாங்க. அவரை வையவும் முடியல, வாழ்த்தவும் முடியல. அதான் இந்த ஊர்ல மணியும் இல்ல, அவரைக் கேக்காம நாங்க சோறு திங்கிறதும் இல்ல.'

அதுக்குள்ள பானை பொங்கிருச்சு. ஊரு மொத்தமும் எந்திரிச்சுக் கெழக்க பாத்து நின்னுச்சு. கொலவை இல்ல, கொட்டு இல்ல. அம்பலம் பக்கத்துல இருக்குறவனுக்கு மட்டும் கேக்குற மாதிரி, 'பொதி வந்துருச்சா?'ன்னாரு. வழக்கத்துல அதுக்கு யாரும் பதில் சொல்றதில்லையாம். ஆனா நேத்து எல்லாரும் என்னையப் பாக்குறாக.

நான் கையைக் குவிச்சேன் அப்பு. நெஞ்சு நெறைய மூச்சை இழுத்தேன். வாயைத் தொறந்தா, சத்தம் வரல. எனக்கு! எந்தொண்டையில! கடைசியில எனக்கே கேக்காத மாதிரி, 'வந்துருச்சு'ன்னேன். அம்புட்டுத்தான் முடிஞ்சுச்சு. ஒண்ணுமில்ல, அதுக்கு முன்னாடி கொஞ்சம் புளிச்சோறு குடுத்தாக, பருக்கை தொண்டையில மாட்டிக்கிச்சு. அழுகையெல்லாம் கெடையாது. அந்தப் பாக்கியம் அழுதுச்சு. அம்பலம் அழுதாரு. நான் புளிச்சோத்துனாலதான்.

மணியைத் திருப்பித் தருவாகளோன்னு பாத்தேன். தரல. 'சோறு போட்டவுக வீட்டுப் பொருளை வேணாம்னு சொல்லக்கூடாதுண்ணே. மணி இருக்கட்டும், நாக்கை மட்டும் நீங்க கொண்டு போயிருங்க'ன்னாரு அம்பலம். அவரே கழட்டி, துண்டோட சுத்திக் குடுத்தாரு. மணியை வாசல்ல தொங்கவிட்டாச்சு. அடிக்க முடியாது. ஆனா படிக்கலாம். போன் நம்பரு நல்லாத் தெரியுது.

இப்ப என் யோசனை என்னன்னா அப்பு, வெள்ளிக்கிழமை நான் சொல்லப்போறது அரிசிக் கதையை மட்டுந்தான். பட்டாளம் சுத்துனது, ஒருத்தரும் எட்டிப் பாக்காதது, எங்க பாட்டன் ஒத்தையில வந்தது, மொத எலை. மணிக் கதையை விட்டுருவேன். அது பொய்யாகாதே? பாதி உண்மை பொய்யாகுமா? மணிக் கதை அந்த மாகாளியப்பன் காதுல விழுந்துச்சுன்னு வைங்க, மீசையை நீவிக்கிட்டே ஊரு ஊராச் சொல்லுவாரு. 'எங்க பாட்டனைத் தூக்குல போட்டது கும்பினிக்காரன், காட்டிக் குடுத்தது சம்மந்தி வீட்டு மணி'ன்னு, நடக்காததையும் சேத்துச் சொல்லுவாரு. எம் பேரன் ரணவீரன் ஆயிருவான். அதனால இந்த மணி விசயம் என் வாயில இருந்து வெளிய வராது. உசுரே போனாலும் வராது. நீங்களும் யார்கிட்டயும் மூச்சு விட்டுறாதீங்க.

வண்டியை எடுத்துட்டாரு. என்ன அப்பு, எல்லாரும் இங்கிட்டே திரும்பிப் பாக்குறாக? அந்தக் கண்டக்டரு எதுக்குச் சிரிக்கிறாரு?

கொன்னக்குளம் வந்துருச்சு போல. பாருங்க, முன் சீட்டுல துண்டைத் தலையில போட்டுத் தூங்கிக்கிட்டு வந்தாரே, அவரு எந்திரிக்கிறாரு. என்னங்க? என்னையா? ஆமா, மேலச்சந்தைதான். நீங்க... கொன்னக்குளமா? மாகாளியப்பன் வீட்டுக்கு அடுத்த தெருவா?

ஐயோ.

என்ன சொல்றீங்க? கேக்கலையா? ஒண்ணுமே கேக்கலையா? அப்படியா. வண்டிச் சத்தமா. சரிங்க, சரிங்க. பாத்து எறங்குங்க. போயிட்டு வாங்க.

பொழைச்சேன் அப்பு. ஒண்ணும் கேக்கலையாம், வண்டிச் சத்தத்துல. நல்ல மனுசன். எறங்குறப்ப என் தோளைத் தொட்டுட்டுப் போனாரு பாத்தீங்களா?

இருங்க. நான் அந்த ஓடைக் கதையைச் சொன்னப்ப வண்டி நின்னுக்கிட்டுத்தானே இருந்துச்சு? டிரைவரு டீ குடிக்கப் போயிருந்தாரே?

கேட்டிருக்கு. அம்புட்டும் கேட்டிருக்கு. கேட்டுட்டு, கேக்கலன்னு சொல்லிட்டுப் போறாரு. காட்டுக்குள்ள வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாகளே, அந்த மாதிரி. என்னைப் போல ஊருக்கு ஒருத்தன் இருந்தா, அவனுக்காக வாயைப் பொத்திக்கிறதுக்குப் பத்துப் பேரு வேணும் போல.

எனக்கு வெக்கமா இருக்கு அப்பு. இந்த வார்த்தையை நான் சொல்லி யாருமே கேட்டதில்ல.

போன் அடிக்குது. மேகலாதான். இருங்க, பேசிட்டு வர்றேன்.

அலோ! ஆமாம்மா, வண்டியிலதான் வர்றேன். கொன்னக்குளம் இப்பத்தான் தாண்டுது. எறங்கலம்மா, வெள்ளிக்கிழமை வர்றேன். ஆமா, பாத்தேன். இருந்தாரு. நெசமாவே இருந்தாரு. சோறு போட்டாரு. எல்லாருக்கும்... இரும்மா, முழுசாச் சொல்லிர்றேன், நடுவுல கேள்வி கேட்டா நான் மாத்திச் சொன்னாலும் சொல்லிருவேன். சோறு போட்டாரு. அவரு மாட்டு மணியாலதான் பட்டாளமும் வந்துச்சு. நெறையப் பேரு செத்துப் போனாக. சின்னப்புள்ளைகளும். கழட்டச் சொல்லியிருக்காக, கழட்டல. தான் வந்தது தெரியணும்னு. ஆமா. என்னைய மாதிரிதான். நீ சிரிக்காம சொன்ன பாரு, அது போதும்.

அப்பறமும் போனாரும்மா. ஒத்தையில, மூட்டையைத் தலையில தூக்கிக்கிட்டுப் போனாரு. நம்ம கத்துறோம்ல, அது அவரு கூப்புட்டது. ஆமா, அதுதான். யாரும் பதில் சொல்லல.

மேகலா? அலோ? லைன்ல இருக்கியா?

கூட்டல. கொறைக்கல. அம்புட்டுத்தான் நடந்தது. உங்கப்பாகிட்ட நீயே சொல்லிரு, மணியையும் சேத்துச் சொல்லிரு. ரணவீரன்னு வைக்கிறதுன்னாலும் வைங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

என்ன? மறுபடி சொல்லு.

உய்யவந்தானா? நெசமாவா? அவரு தப்புப் பண்ணுனவருன்னு தெரிஞ்சுமா? சரிம்மா. சரி. நீ சரித்திர டீச்சரு, உனக்குத் தெரியும்.

இந்தா, திருமாறன்கிட்டச் சொல்லு, வெள்ளிக்கிழமைக்குச் சொல்லிவச்ச மைக் செட்டு வேணாம். அட்வான்ஸ் போனாப் போகட்டும். பிளக்ஸ் பேனரும் வேணாம். ஆமா, நாந்தான் பேசுறேன், வேற யாரும் இல்ல. புள்ளை காதுல பேரை மூணு தடவை சொல்றது நாந்தானே? அதைத்தாம்மா சொல்றேன். மெதுவாச் சொல்லப் போறேன்.

கேக்கலையா? மெதுவான்னேன்! புள்ளை பயப்படாத மாதிரி, அதுக்கு மட்டும் கேக்குற மாதிரி!

மெதுவாம்மா, மெதுவா!